அம்பாசிடரின் பிரேக்

பிப். 2, திங்கள்

கடும் பனி. ஏழரை வரை எதிர்வீடு தெரியவில்லை. அறுப்பு மெஷின்காரன் வியாழன் வருவதாகச் சொல்கிறான். போன வியாழனும் இதையேதான் சொன்னான்.

காரில் பார்க்க வேண்டியவை:
– பேட்டரி தண்ணீர். ஆச்சு.
– ஃபேன் பெல்ட் தொளதொள. இறுக்கியாச்சு.
– பின்கதவுக் கைப்பிடி. கயிறு கட்டியிருக்கிறது. போதும்.
– பிரேக் ஆயில். அடிமட்டம்.

மெக்கானிக் பாய் ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று நாகூர் போயிருக்கிறார். ஆயில் வாங்க திருக்காட்டுப்பள்ளி வரை யார் போவது? டிராக்டர் கலப்பையைத் தூக்குகிற ஹைட்ராலிக் ஆயில் ஷெட்டில் அரை கேன் கிடந்தது. அதுவும் அழுத்தத்துக்கு, இதுவும் அழுத்தத்துக்கு. ஊற்றி நிரப்பினேன். மிதித்தால் கல் மாதிரி நிற்கிறது. முப்பது வருஷமாக டிராக்டரையும் பம்புசெட்டையும் நானே பிரித்துப் பூட்டுகிறவன். எனக்கு எதற்கு மெக்கானிக்?

பிப். 5, வியாழன்

காலை: என் மனைவி மங்கை கும்பகோணம் கிளம்பினாள், அவள் தங்கை மகள் வளைகாப்புக்கு. கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் கார் எடுப்பதில்லை. வழக்கம்போல சேகர்தான் ஓட்டுகிறான். இவன் அப்பா எங்கள் வயலில் வேலை பார்த்தவர். இவன் ஹெவி லைசென்ஸ் எடுத்து, அரசு பஸ் டிரைவர் வேலைக்குத் தேர்வாகிவிட்டான். ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி. கெட்டிக்காரன். மெஷின் இன்றும் வரவில்லை.

நாலு மணி: திருவையாற்றிலிருந்து சேகர் போன். வீல் நாலும் கொதிக்கிறதாம், தீய்ந்த வாசனையாம். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு அம்மாவைப் பஸ்ஸில் கூட்டி வரட்டுமா என்றான். பழைய வண்டி, அப்படித்தான் வாசனை வரும், சீக்கிரம் வந்து சேர் என்றேன்.

ஏழு மணி: ஐந்து மணி வாக்கில், ஊருக்குள் நுழைய மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ஆக்ஸிடென்ட். ரோட்டில் நெல் காயப்போட்டு, வெயில் தாழ அள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மா. தனம் என்று பெயராம். அறுபது வயசு இருக்கும். வண்டி நெல்லில் ஏறி அந்த அம்மாவையும் தள்ளிவிட்டது. தலையில் அடி, நினைவில்லை. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி. மங்கைக்குக் கை சிராய்ப்புதான். சேகர் ஸ்டேஷனில்.

எழுத்து கோணுகிறது.

பிப். 6, வெள்ளி

ஸ்டேஷன். பிரேக் பிடிக்கவில்லை என்று சேகர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். ஸ்டேஷன் ரைட்டர் சிரித்தார். "எல்லா டிரைவரும் இததான் சார் சொல்றான்." வண்டியை ஒழுங்காகப் பார்த்துவந்தீர்களா என்று என்னைக் கேட்டார். திங்கட்கிழமைதான் எல்லாம் பார்த்தேன் என்றேன். பொய்யில்லை. போனில் என்ன பேசினீர்கள் என்றார். மெதுவாக வரச் சொன்னேன் என்றேன்.

வீட்டம்மாவை விசாரிக்கணும் என்றதற்கு, அவள் அதிர்ச்சியில் இருக்கிறாள், வேண்டாம் என்று தவிர்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மங்கை: "மூணு தரம் மிதிச்சுதுங்க அந்தப் புள்ள. பெடலு தரை வரைக்கும் போயி டப்பு டப்புன்னு அடிச்சுது. நான் பின்னாடிதானே ஒக்காந்திருந்தேன்." சோறு போட்டபடியே, "அன்னிக்கு கேனத் தூக்கிட்டுப் போயி என்னங்க ஊத்துனீங்க?"

கத்திவிட்டேன். இன்ஜினைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று. சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

பிப். 7, சனி

தனம் அம்மா காலையில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார்.

மெஷின் வந்தது. மேலக்கட்டளை வயல் நாலு மா அறுப்பு முடிந்தது. மூட்டை எண்ணியும் மனதில் நிற்கவில்லை.

பிப். 9, திங்கள்

வெயில். ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வந்தார். ஸ்டேஷன் வாசலில் ஏறி உட்கார்ந்து மிதித்தார். பிடித்தது. ஸ்டார்ட் செய்து பத்தடி ஓட்டி மிதித்தார். பிடித்தது. பிரேக் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்கு உயிர் வந்தது. அப்போ என் ஆயில் இல்லை. வீட்டுக்கு வந்து மங்கையிடம் சொன்னேன். அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். அங்கே ஸ்டேஷனில், ஜாமீனில் வந்த சேகர் சுவரோரம் நின்று அந்த பெடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப். 12, வியாழன்

வண்டியை விட்டார்கள். பாய் ஊர் திரும்பிவிட்டார். கட்டி இழுத்துப் போய் அவர் ஷெட்டில் விட்டேன். பேரன் பிறந்திருக்கிறானாம், மிட்டாய் கொடுத்தார். பிரேக் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியவர், உள்ளே இருந்த ரப்பர் வாஷர்களை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஊற வைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தன.

"அண்ணே, இதுல என்னத்த ஊத்துனீங்க?"

சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. இந்த ரப்பருக்கு அந்த ஆயில் ஆகாதாம். ரப்பர் உப்பினால் பிரேக் பிடித்தது பிடித்தபடி உராயும். ஓட ஓட வீல் கொதிக்கும், ஆயிலும் கொதிக்கும், மிதித்தால் பெடல் சும்மா உள்ளே போகும். வண்டி நின்று ஆறிவிட்டால் மறுபடி பிடிக்குமாம். அதனால்தான் இன்ஸ்பெக்டருக்குப் பிடித்திருக்கிறது.

"அந்தப் புள்ள சொன்னது நெசந்தாண்ணே." வாஷர்களைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். "ஸ்டேஷன்ல காட்டுங்க. கேட்டா நான் வந்து சொல்றேன். ஆனா நீங்கதான் மொதல்ல போவணும்."

ஆக, நான்தான். அந்த அம்மாவைக் கொன்றது நான்தான். எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

பிப். 13, வெள்ளி

பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனேன். இரண்டு பஸ் வந்து போயின. அரைமணி நின்றேன். தெரிந்தவர் ஒருவர் எங்கே இவ்வளவு தூரம் என்றார். கொள்முதல் நிலையத்துக்கு என்று சொல்லிவிட்டேன். பிறகு அங்கேயே போய் நெல்லுக்கு டோக்கன் வாங்கிவந்தேன்.

பயம்தான். வேறு பெயர் வைக்க வேண்டாம். அறுபத்திரண்டு வயசில் கோர்ட்டில் நிற்க வேண்டும், பேப்பரில் பெயர் வரும். செத்தவர் வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது.

நாளை போகலாம்.

பிப். 14, சனி

போகவில்லை. கொள்முதலில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி காயவைக்கணும். களத்தில் இடமில்லை. ரோட்டில் போடலாம் என்று ஆள் சொன்னதற்கு அவனைத் திட்டினேன்.

பிப். 15, ஞாயிறு

கொல்லையில் சருகு கூட்டி எரித்தபோது பொட்டலத்தையும் போட்டேன். ரப்பர் நாற்றம் வீடு முழுக்க. மங்கை வந்து பின்வாசலில் நின்று பார்த்தாள்.

பிப். 17, செவ்வாய்

பத்து மணிக்கு சேகர் வந்தான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கேஸ் முடிகிறவரை பஸ் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு உதவி கேட்கத்தான் வந்திருக்கிறான், நல்லவன் என்று ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்வான் என்று நினைத்தேன். கொடுத்தும்விடலாம் என்றிருந்தேன்.

"ராப்பகலா யோசிச்சுப் பாத்துட்டேங்கய்யா. அந்த இன்ஸ்பெக்டரு மிதிச்சா புடிக்குது. அப்ப எங் காலுதான் தப்பு. பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சிருக்கேன். ஒரு உசுரு போயிருச்சு, ஒங்களுக்கும் கெட்ட பேரு. மன்னிச்சிருங்கய்யா."

கையெடுத்துக் கும்பிட்டான். அவன் காலையே குனிந்து பார்த்தான், யாருடைய காலோ போல.

வாயைத் திறந்தேன். "சரி விடு சேகர், மனசுல வச்சுக்காத" என்றுதான் வந்தது. மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னேன். அழுதுவிட்டான்.

காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன். மங்கை வரவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டும் வரவில்லை. நானே போய்க் கலந்து எடுத்துவந்தேன். நின்றபடியே குடித்தான். குழாயடியில் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.