வெள்ளைத் தோட்டம்

ஏப்ரல் 29, 2024

என் கணவருக்கு இன்று கால் நிலத்தில் படவில்லை. நிலாவெளிக்கு எதிரே, இவர் சுற்றுலா ஆட்களைப் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிற முருகைக்கல் பார், அந்தப் பவளப்பாறைத் திட்டு, முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டதாம். "ஆதிலா, நம்மட பார் பூத்திரிச்சு புள்ள!" என்று போனில் படம் காட்டினார். பூத்ததில்லை அது, வெளிறிப்போனது. தரம் பத்துக்கு நானே படிப்பிக்கிற பாடம் அது.

மே 2

சொல்லிப் பார்த்தேன். முருகைக்கல் கல் இல்லை, உயிர். உள்ளே இருக்கிற நுண்பாசிதான் அதற்குச் சாப்பாடும் நிறமும். கடல் மிஞ்சிச் சுட்டால் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு வெறும் வெள்ளை, பட்டினி. இன்னும் சாகவில்லை. தண்ணீர் ஆறும்வரை யாரும் மிதிக்காமல் விட்டால் பிழைக்கும்.

"கடலச் சுட வெச்சது நானா?"

இல்லைதான். உலகமெல்லாம் எரிக்கிற எண்ணெயும் கரியும். அதில் இவருடைய எஞ்சின் எம்மாத்திரம்?

மே 6

போர்ட் எழுதி வைத்துவிட்டார்: 'வெள்ளைத் தோட்டம்'. பாரின் மேற்கு மூலையில் இடுப்பளவு தண்ணீர்தான். அங்கே ஆட்களை நிற்க வைத்துப் படம் எடுக்கிறாராம். அதன் மேலேயே! யா அல்லாஹ், இந்த மனுசனை நான் என்ன செய்ய?

மே 11

காற்றே இல்லை. கடலில் கால் வைத்தேன் — பிள்ளைக்குக் குளிக்க வார்க்கிற சுடுதண்ணீர் மாதிரி.

மே 14

சண்டை.

"சீசன் போனா வீட்டுக்கு நீயா சோறு போடுவ?"

"பார் செத்தா அடுத்த சீசனுக்கு எதக் காட்டுவீங்க, என்ட மூஞ்சையா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு போனார். போனது அந்த வெள்ளைப் பாருக்குத்தான்.

மே 27

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கூரைத் தகரம் அடிக்கிறது, துவைத்த துணியெல்லாம் மண். அடி, நல்லா அடி. கடலைக் கலக்கி ஆற்று. ஆனால் பிந்திவிட்டதோ?

ஜூன் 19

வகுப்பில் பலகையில் 'வெப்பம்' என்று எழுதிவிட்டு அப்படியே நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 3

முகம் தொங்கிப்போய் வந்தார். "வெள்ளை போயிட்டு. எல்லாம் மண்ணிறம். ஏமாத்திட்டன் எண்டு வந்தவங்க ஏசுறாங்க."

மண்ணிறமா! பாசி திரும்பிவிட்டது, உயிர் திரும்பிவிட்டது. குசினியில் அகப்பையும் கையுமாக நின்று அழுதேன்.

இவர் கதிரையில் இருந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேற்கு மூலை மட்டும் வரல்ல புள்ள," என்றார். "தொட்டா நொறுங்குது, மேல வழுக்குற வழும்பு. அங்கதான் நான் ஆக்கள நிக்க வெச்சது."

ஏச எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். சோறு போட்டு அவர் முன்னால் வைத்தேன்.