கதை வேண்டாம், கணக்கு மட்டும்

மார்ச் 3, திங்கள்
மாலை டிப்ளமோ வகுப்பில் பதினோரு பேர். எல்லாரும் ஷிஃப்ட் முடித்து வரும் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். பாதிப் பேர் என்ட்ரோபியைத் தூக்கத்தில் கேட்டார்கள். சந்தேகங்களை வாட்ஸ்அப்பில் கேட்கச் சொன்னது என் தப்பு. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்க வந்தவன் மாமனார் வீட்டு கேட்டின் வரலாற்றையே எழுதுகிறான். 'கதை வேண்டாம். கணக்கு மட்டும் அனுப்பவும்' என்று குழுவில் போட்டுவிட்டேன்.

மார்ச் 4
கடைசி பெஞ்ச் நிலவன் ஒரு கணக்கு அனுப்பியிருக்கிறான். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. மூடிய இரும்புத் தொட்டி, உள்ளே நாற்பது டன் தூள். நடுவில் வெப்பநிலை காலை 6 மணிக்கு 46 டிகிரி, மதியம் 2-க்கு 48, இரவு 10-க்கு 51. வெளியிலிருந்து சூடு தரவில்லை. அடுத்த நாள் எவ்வளவு?

வெளியிலிருந்து சூடு வராமல் எப்படி ஏறும்? 'தரவு தப்பு. சரிபார்' என்று பதில் போட்டேன்.

மார்ச் 6
மறுபடி நிலவன். 'சரிபார்த்துட்டேன் மேடம். இப்ப 63. மேல் மூடியைத் திறந்தா சூடு குறையுமா?' குறையும், வெப்பம் வெளியேற வழி கிடைக்கும் என்று எழுதி, சூத்திரமும் போட்டேன். வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனைப் பாராட்டினேன். தலையைக் குனிந்துகொண்டான். கண் சிவந்திருந்தது, தூங்கியே இருக்க மாட்டான் போல.

மார்ச் 8
நேற்று மதியம் இவர் இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது என் போனை எட்டிப் பார்த்தார். "ஆறு, ரெண்டு, பத்து. ஷிஃப்ட் மாறுற நேரமா பாத்து அளந்துகினு இருக்கான். இது புத்தகக் கணக்கு இல்ல கனகம். நிஜத் தொட்டி."

தூள் என்றால் கரித்தூள். குறிஞ்சிப்பாடி சாலையில் ஒரு தனியார் கரிக்கட்டி ஆலையில்தான் நிலவனுக்கு வேலை. பழுப்பு நிலக்கரி காற்றுப் பட்டால் தானாகச் சூடேறும் என்று போன செமஸ்டரில் நடத்தியதே நான்தான். சூடு உள்ளேயே பிறக்கிறது. மூடியைத் திறந்தால் காற்று புகும், தூள் பறக்கும், பற்றிக்கொள்ளும். நான் என்ன எழுதினேன்? திறன்னு எழுதிட்டேனே. என்ன தூள்னு ஒரு வார்த்தை ஏன் கேக்கல?

ஏழு முறை போன் செய்தேன். வேலை நேரத்தில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம். ஆலை நிறுத்தத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே புகை தெரிந்தது. நிலவனுக்கு முகமும் இரண்டு கையும் வெந்துவிட்டன. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

மார்ச் 9
உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். விரல்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 11
தமிழ்நிலா வந்தாள். அதே ஆலையில் மூட்டை தைப்பவள், என் வகுப்புதான்.

"சொல்லாம திறந்துட்டான்னு மேனேஜர் எல்லாருகிட்டயும் எழுதி வாங்கிகினு இருக்காரு மேடம். நிலவன் மேல கேஸு போடுவாங்களாம். யாரு சொல்லித் திறந்தன்னு கேட்டாங்க, அவன் வாயே திறக்கல."

"என் பேரைச் சொல்லலையா?"

"நான் கேட்டதுக்கு, மேடம் பேரு எதுக்குன்னான்."

முதலிலேயே மேனேஜரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னானே மேடம். பெரிய படிப்பு படிக்கிறியே, போயி உன் டீச்சரக் கேளுன்னாரு." அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

மார்ச் 12
என் பதிலை போனிலிருந்து அழித்துவிடலாம் என்று காலையில் தோன்றியது. நானா இப்படி? நான்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி
போலீஸ் ஸ்டேஷனில் போனைக் காட்டி, திறக்கச் சொன்னது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவர் கூடவே நின்றார். சாயங்காலமே பயிற்சி நிலையத்திலிருந்து, திங்கள் முதல் வர வேண்டாம் என்று செய்தி. நிலவன் மேல் கேஸ் இல்லை என்று எழுத்தர் சொன்னார். எனக்கு அது போதும்.

மார்ச் 19, புதன்
ஆலை நேற்றே ஓட ஆரம்பித்துவிட்டதாம். இன்று இரண்டே காலுக்கு, ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வந்த தமிழ்நிலாவிடமிருந்து செய்தி. நான் பழக்கிவிட்டபடி, கதை எதுவும் இல்லை.

'ரெண்டாவது தொட்டி. காலை 6 – 47. மதியம் 2 – 53.'

நான் கணக்குப் போடவில்லை. உள்ளே யார் யார் இருக்கிறார்கள், பேரைச் சொல் என்றேன். 'மலர்கொடி அக்கா. ஹஸ்ஸான் அண்ணன். இன்னும் ஏழு பேரு.'

மூடியைத் தொடாமல் எல்லாரையும் வெளியே கூப்பிடு என்று எழுதி, தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிட்டு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். கேட்டுக்கு வெளியே எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர். தொட்டி 57. மூடியை யாரும் தொடவில்லை. தீயணைப்பு வண்டி இன்னும் வந்து சேரவில்லை. மேனேஜர் வெளியே வந்து, "அஞ்சு நிமிஷத்துல உள்ள வராதவங்க நாளைக்கு வர வேணாம்" என்றார்.

மலர்கொடி என்னைப் பார்த்தாள். "போலாமா மேடம்?"

வேண்டாம் என்றேன். ஏன் என்பதை முதலிலிருந்து, கதையாகவே சொன்னேன். ஒன்பது பேரும் நின்று கேட்டார்கள்.