குதிரில் இருந்த பூட்ஸ்

புரட்டாசி 4, ஞாயிறு

நாளை கடலூரில் கடைசி ஆட்டம். என் பேரன் செல்வம்தான் காலேஜ் டீமுக்கு கோல்கீப்பர். இந்த வருசம் அவனைத் தாண்டி மூன்று பந்துதான் போயிருக்கிறது. இடஒதுக்கீட்டு மறியலில் உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். வெட்டியதில் செல்வத்தின் அப்பனான என் மகனும் ஒருவன். ஆட்டத்துக்குப் போகக் கூடாதென்று செல்வத்தின் பூட்சையும் ஒளித்துவிட்டான்.

மதியம் கேப்டன் அன்வர் வந்தான். "ஆயா, மரத்துக்கு அந்தாண்ட வேன் நிக்கும். விடியக்காலம் நடந்தே பூடுறோம். செல்வத்த மட்டும் அனுப்புங்க."

மகன் கத்தினான். "இவனுக்கு வேலை கெடைக்கணும்னுதான் நான் ரோட்டுல கெடந்துகினு இருக்கேன். இப்ப இன்னா பந்து வேண்டிக் கெடக்கு?"

அதுவும் சரிதான். எங்கள் வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் செல்வம். ஆனாலும் மகன் வெளியே போனதும் நெல் குதிரில் கைவிட்டேன். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் எதை ஒளிப்பான்? பூட்சை எடுத்து அன்வர் பையில் போட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் மகன் சொன்னான். "யம்மா, விடியக்காலம் மரத்தாண்ட காவல் என்னுது. நாலு மணிக்கு எழுப்பு."

செல்வமும் நாலு மணிக்குத்தான் எழுப்பச் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் தூங்குகிறார்கள். யாரை முதலில் எழுப்ப?