நாற்காலியிலிருந்து ஒரு சீசன்

9 ஜூலை 1979, திங்கள்

கல்லூரி மைதானம் முழுக்கத் தண்ணீர். வலைக் கம்பங்கள் இரண்டும் குளத்துக்குள் நிற்பதுபோல் நிற்கின்றன. போன வருஷமும் இப்படித்தான். மழை விட்டபிறகு அவசர அவசரமாகப் பயிற்சி செய்து, கோட்டயத்தில் கல்லூரிகளுக்கான வாலிபால் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம். இந்த முறை மழைக்காகக் காத்திருக்க மாட்டேன்.

பஜார் ரோட்டில் மிளகு வியாபாரம் செய்யும் முகமது இஸ்மாயில் சேட்டைப் போய்ப் பார்த்தேன். அவருடைய பெரிய கிடங்கு ஓணம் வரை காலியாம். வாலிபால் என்றதும் தலைக்கு மேலே ஓடுகளைப் பார்த்தார். பெண் பிள்ளைகள்தானே என்று சம்மதித்துவிட்டார். எங்கள் கேப்டன் ரோஸிலி பந்தை அடிப்பதை அவர் பார்த்ததில்லை.

13 ஜூலை

கிடங்கில் முதல் நாள். தரையைக் கழுவியும் மிளகு வாசனை போகவில்லை. ஆடியதைவிடத் தும்மியதுதான் அதிகம்.

ஒரு தொந்தரவு. உத்தரம் தாழ்வு. பந்தைத் தூக்கிக் கொடுக்கும் லிஃப்டர் முப்பிடாதி வழக்கம்போல் உயரமாகப் போட்டாள். உத்தரத்தில் இடித்து அவள் தலையிலேயே விழுந்தது. தாழ்வாக, சட்டென்று கொடுக்கச் சொன்னேன். ரோஸிலிக்குப் பிடிக்கவில்லை. அவளுக்குப் பந்து வானத்திலிருந்து இறங்கி வரவேண்டும்.

18 ஜூலை

டாக்டரிடம் போய் வந்தேன். உண்மைதான்.

எழுதவே கை வரவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். இரண்டு முறை வந்து தங்காமல் போனது. முப்பத்தாறு வயதில், நானே நினைக்காத நேரத்தில் —

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வெலிங்டன் தீவிலிருந்து போட்டில் வந்து இறங்கினார். சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார். பிறகு எழுந்துபோய் அவரே சாயா போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அப்படியே குடித்து முடித்தேன்.

"இனி ஓட்டம் சாட்டம் எல்லாம் மதி, சீதா," என்றார். ஓடியதும் குதித்ததும் போதுமாம்.

19 ஜூலை

பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. எது அதிகம்?

24 ஜூலை

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: குதிக்கக்கூடாது, பஸ் பயணம் கூடாது. கிடங்குக்கு நடந்துபோய் உட்கார்ந்திருக்கலாமாம். சேட்டின் குமாஸ்தா ஒரு நாற்காலி கொடுத்தார்.

பிள்ளைகளிடம் கால் சுளுக்கு என்று சொன்னேன். எந்தக் கால் என்று ரோஸிலி கேட்டாள். இடது என்றேன். பயிற்சி முடிந்து திரும்பும்போது வலது காலை நொண்டியிருக்கிறேன் போல. அவள் என் பையை வாங்கி வீடுவரை கொண்டுவந்தாள். வாசலில் நின்று, "டீச்சர், உப்பிலிட்ட மாங்காய் வேணுமெங்கில் சொல்லணும். அம்மச்சி போட்டிருக்கு," என்றாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

6 ஆகஸ்ட்

பிரின்சிபாலிடம் சொன்னேன். மனசார வாழ்த்தினார். அப்புறம், நவம்பரில் கோட்டயம் போட்டிக்குப் பிள்ளைகளை யார் கூட்டிப் போவது, ஓர் ஆசிரியை இல்லாமல் அனுப்ப முடியாதே, இந்த வருஷம் விட்டுவிடலாமே என்றார். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒப்பவில்லை. ரோஸிலி நன்றாக ஆடினால் யூனிவர்சிட்டி அணிக்கு எடுப்பார்கள். முப்பிடாதிக்கு இந்த வருஷத்தோடு படிப்பு முடிகிறது. எனக்கு ஒன்று கிடைத்ததற்காக அவர்களுடையது போகவேண்டுமா?

அறையில் எகனாமிக்ஸ் பாக்கியலக்ஷ்மி இருந்தார். வாலிபால் பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை என்று வருஷாவருஷம் புகார் கொடுப்பவர். அவர்தான் பேசினார்.

"நான் கூட்டிண்டு போறேன். பந்து எந்தப் பக்கம் போகணும்னுகூட நேக்குத் தெரியாது. ஆனா பஸ்ல எண்ணி ஏத்தி, எண்ணி எறக்கத் தெரியும்."

வெளியே வந்து நன்றி சொன்னேன். வகுப்புக்கு வராதவர்களை இனிமேல் தானே பிடித்து வந்து உட்கார வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

20 ஆகஸ்ட்

மோசமான நாள்.

தாழ்வான பந்து ரோஸிலிக்குச் சரியாக வரவில்லை. தொடர்ந்து வலையில் அடித்தாள். கடைசியில் முப்பிடாதியைப் பார்த்து, உனக்குக் கையா, இல்லை உலக்கையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். முப்பிடாதி பந்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். மழையில், குடையில்லாமல்.

முன்பென்றால் பின்னால் ஓடியிருப்பேன். எழுந்தவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தேன். இதுதானே கோட்டயத்திலும் நடக்கும்? அங்கே நான் இல்லாமல் சண்டை வந்தால் என்ன செய்வார்கள்?

ரோஸிலியைக் கூப்பிட்டேன். திட்டவில்லை. "நான் ஓட முடியாது. கேப்டன் நீ," என்றேன்.

தரையில் கிடந்த பந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா, கோபமா, தெரியவில்லை.

22 ஆகஸ்ட்

இருவரும் ஒரே குடைக்குள் வந்தார்கள்.

முப்பிடாதிதான் கதை சொன்னாள். நேற்று ரோஸிலி அவள் வீட்டுக்கே போயிருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் திண்டாடி, முப்பிடாதியின் அம்மா கொடுத்த இட்லியை எல்லாம் தின்றுவிட்டு, கிளம்பும்போதுதான் கேட்டாளாம். "அதுக்குள்ள எனக்குக் கோவமே போயிருச்சு டீச்சர். சட்டியும் காலியாயிருச்சு," என்றாள்.

இன்று ரோஸிலி பந்துக்காக நின்று காத்திருக்கவில்லை. முப்பிடாதி கை வைக்கும் முன்பே ஓடத் தொடங்கினாள். அவள் அடித்த ஒரு பந்து கதவுக்கு மேலிருந்த கண்ணாடியில் போய் முடிந்தது. சேட் ஓடி வந்து பார்த்தார். சிரிக்கத்தான் செய்தார், பாவம்.

15 செப்டம்பர்

மைதானம் காய்ந்துவிட்டது. எறணாகுளம் அணி நட்பு ஆட்டத்துக்கு வந்தது. அவர்கள் தடுக்கக் கை தூக்குவதற்குள் ரோஸிலி அடித்து முடித்திருந்தாள். மூன்று செட்டும் நமக்கு.

உள்ளே அசைவு தெரிகிறது. ஆட்டத்தின் நடுவில்தான் முதலில் தெரிந்தது. அதற்குப்பின் யார் புள்ளி எடுத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

10 அக்டோபர்

பாக்கியலக்ஷ்மி தினமும் நாலு மணிக்கு வந்துவிடுகிறார். எதைப் பார்த்தாலும் கேள்வி. வலையைத் தொட்டால் ஏன் தப்பு, அடித்தவள் பின்னால் ஏன் போகிறாள். பதில் சொல்லிச் சொல்லி நானே புதிதாகப் படிப்பதுபோல் இருக்கிறது. 

15 நவம்பர்

பிள்ளைகள் கோட்டயம் கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸுக்குப் போகும் வழியில் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஏதோ பெரிதாகச் சொல்ல நினைத்தேன். நகம் வெட்டினீர்களா என்றுதான் கேட்க வந்தது.

வீடு இவ்வளவு அமைதியாக எப்போதும் இருந்ததில்லை.

17 நவம்பர்

முடிவைச் சேட்டின் கடைக்குப் போன் செய்து சொல்வதாக ஏற்பாடு. என் வீட்டுக்காரர் மத்தியானமே போய்க் கடையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை.

"ஃபைனல் வரைக்கும் போயாச்சு. அஞ்சாவது செட்ல தோத்தாச்சு," என்றார்.

ஃபைனல்! எங்கள் கல்லூரி அரையிறுதிகூடப் பார்த்ததில்லை. தோற்றதை நினைத்து அழுகை வரவேண்டும், வரவில்லை. ரோஸிலியை யூனிவர்சிட்டி அணிக்கு எடுத்துவிட்டார்களாம். நாலாவது செட்டில் பிள்ளைகள் சோர்ந்தபோது அவள்தான் எல்லோரையும் தோளில் கைபோட்டு நிறுத்திப் பேசினாளாம். என்ன பேசினாள் என்று போனில் சொல்லவில்லை.

பாக்கியலக்ஷ்மி? நடுவரோடு சண்டை பிடித்து, கோட்டுக்கு வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டார்களாம். நடுவர் சொன்னதுதான் தப்பு என்று போனில் நெடுநேரம் விளக்கினாராம். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். போனில் தலையாட்டினால் தெரியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ரொம்ப நேரம் சிரித்தோம்.

20 பிப்ரவரி 1980

பெண். நன்றாக இருக்கிறாள். திரிபுரசுந்தரி.

7 ஜூலை 1980, திங்கள்

விடுப்பு முடிந்தது. சுந்தரியை, அவளைப் பார்த்துக்கொள்ள வரும் அங்கம்மாளிடம் விட்டுவிட்டுக் கிளம்ப மனசே இல்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்த்தேன். அவள் விரலைச் சப்பிக்கொண்டு தூங்கினாள். என்னைத் தேடவில்லை.

மழை. சேட்டின் கிடங்குதான். உள்ளே போனால் பிள்ளைகள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ரோஸிலி புதிதாக ஒரு லிஃப்டரைப் பிடித்துவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள், குரலை உயர்த்தாமல். பாக்கியலக்ஷ்மி கழுத்தில் விசில். இந்த வருஷமும் மேனேஜர் அவர்தானாம், யாரும் கேட்காமலே பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டாராம்.

புதிய பெண் ஒருத்தி என்னிடம் வந்து, யாரோட அம்மா என்று மரியாதையாகக் கேட்டாள். சுந்தரியோட அம்மா என்றேன். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லையே என்று விழித்தாள்.

சேலையை இழுத்துச் செருகினேன். ஒரு பந்தை எடுத்து மேலே போட்டுக் குதித்து அடித்தேன். வலையில் விழுந்தது.

பாக்கியலக்ஷ்மி சிரிக்காமல் விசில் ஊதி, சர்வீஸ் எதிர்ப் பக்கத்துக்கு என்று கை காட்டினார்.