சகலையின் பழைய கார்

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சகலை எழுதுவது. நலம் என்று தொடங்கலாம் என்றால், நலம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது. போனில் சொன்னால் "பரவாயில்லப்பா, விடு" என்று பாதியிலேயே வெட்டிவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் உங்கள் காரால் ஒருவரை இடித்துவிட்டேன். "உங்கள் கார்" என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. நீங்கள் புது வண்டி வாங்கிய கையோடு பழையதன் சாவியை என் சட்டைப்பையில் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று நல்ல மழை. ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார், உடனே வந்து சரிசெய்ய வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். மருந்துக்கடை முனையில் திரும்பும்போது சைக்கிளில் வந்தவரை நான் பார்க்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அந்தத் தெருவிலேயே சலூன் வைத்திருப்பவர். வலது தோளில் காறை எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குக் கத்தரியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதற்கு மேல்தான் விஷயமே. போலீஸ்காரர் இன்ஷூரன்ஸ் கேட்டார். நானும் தைரியமாக வண்டியில் இருந்த காகித உறையை எடுத்து நீட்டினேன். "இது முடிஞ்சு மூணு மாசம் ஆச்சே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் கட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன் அண்ணா. வண்டியையே சும்மா கொடுத்தவரிடம் இன்ஷூரன்ஸ் கட்டியாயிற்றா என்று எந்த முகத்தோடு கேட்பது?

வண்டி இன்னும் உங்கள் பெயரில் இருப்பதால் நஷ்டஈட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வந்ததும் என் பக்கம் தள்ளிவிடுங்கள். முழுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அதுவரை அக்காவிடம் போனில் வாய்விட வேண்டாம் என்று சின்னவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள்,
சகலை


ஜூன் 11

அன்புள்ள சகலைக்கு,

உனக்கு அடி ஒன்றும் படவில்லையே? போலீஸ்காரர் சொன்னதையெல்லாம் எழுதினவன் அதை எழுதவில்லை. நான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

நோட்டீஸ் வந்துவிட்டது. பக்குவமாகச் சொல்லும் வேலை எனக்கு மிச்சம். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவளே உன் அண்ணிதான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நினைவூட்டல் எனக்கு வந்தது உண்மை. இத்தனை நாளில் வண்டியை உன் பெயருக்கு மாற்றி, நீயே புதிதாக எடுத்திருப்பாய் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், வண்டிக்குக் காசு கேட்க அடிபோடுகிறேன் என்று நீ எடுத்துக்கொள்வாயோ என்று கூச்சம். நீ என்னிடம் கேட்கவில்லை, நான் உன்னிடம் கேட்கவில்லை. நம் இருவருடைய மரியாதையும் சேர்ந்து ஒரு மனுஷரின் தோளை முறித்துவிட்டது.

பணத்தைப் பற்றி நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே. பல் செட் செய்கிறவனுக்கு என்ன குறை? பல் விழாத மனிதர் உண்டா? பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் நானே கட்டிவிடுகிறேன்.

என் கவலை வேறு. நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலமும் வழக்கம்போல அக்காவும் தங்கையும் போனில் பேசினார்கள். சும்மா கொடுத்ததற்கு நல்ல கைம்மாறு கிடைத்தது என்று இவள் ஒரு வார்த்தை விட்டாள். உடைசல் வண்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் பேச்சு வேறா என்று சின்னவள் பதிலுக்கு விட்டாள். போனை வைத்தார்கள். அதோடு சரி. தாயில்லாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள். இவளுக்குத் தலைவலி என்றால் அவள் அங்கே தைலம் தேடுவாள். இவர்கள் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. உன் அண்ணி இப்போது என்னிடம் எரிந்துவிழுவதுகூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்,
சகலை


ஜூன் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு அடி இல்லை. நெற்றியில் ஒரு சின்ன வீக்கம், அதுவும் வடிந்துவிட்டது.

சனிக்கிழமை நடந்த கூத்தைக் கேளுங்கள். கடை மூடிக் கிடந்தால் வாடிக்கை கைவிட்டுப் போய்விடுமே என்று, முடிவெட்டத் தெரிந்த ஓர் ஆளைப் பிடித்து சலூனுக்கு அழைத்துப் போனேன். அங்கே இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதன் பின்னால் ஏற்கெனவே ஒருவர் கத்தரியோடு நிற்கிறார். யாரென்று கேட்டால் நீங்கள் அனுப்பிய ஆளாம். முடிவெட்டிக்கொள்ள வந்தவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு இரண்டு கத்தரிக்கும் நடுவில் முழித்துக்கொண்டிருந்தார். மூலை பெஞ்சில் தோள்கட்டோடு உட்கார்ந்திருந்த சலூன்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சிரித்தால் தோளில் வலி. கடைசியில் ஒருவருக்குக் காலை, இன்னொருவருக்கு மாலை என்று அவரே பிரித்துக் கொடுத்தார்.

அதன்பிறகு, நஷ்டஈடு முழுவதும் என் பொறுப்பு என்று சொல்லத்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முந்தின நாள்தான் நீங்கள் பஸ் ஏறி வந்து அதே பெஞ்சில் அதையே சொல்லிவிட்டுப் போனீர்களாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவரு சொல்றது உங்களுக்குத் தெரியாது, நீங்க சொல்றது அவருக்குத் தெரியாது. இப்படியே இருந்துதானே சார் நான் கட்டுப் போட்டு உக்காந்திருக்கேன்? மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போயிருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், அது எனக்கு வலித்தது.

சின்னவள் சாயங்காலமானால் போன் பக்கத்தில் துணியை மடிக்க உட்காருகிறாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடிக்கிறாள். நீயே கூப்பிட்டால் என்ன என்றேன். அக்காதான் கூப்பிட வேண்டுமாம். அண்ணா, உங்களை இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள், முழுப் பணத்தையும் உங்களால் கட்ட முடியுமா?

உங்கள்,
சகலை


ஜூலை 3

அன்புள்ள சகலைக்கு,

முடியாது.

எனக்கு வேலை தந்துகொண்டிருந்த இரண்டு பல் டாக்டர்களில் பெரியவர் தொழிலை விட்டு, மகனோடு இருக்கப் போய்விட்டார். பட்டறையில் குவிந்து கிடப்பது தூசி. புது வண்டி கடனில் ஓடுகிறது. சலூனுக்கு வந்த அன்று உன் வீட்டுத் தெருமுனைவரை நடந்து வந்தேன். உன் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் உளறிவிடுவேன் என்று திரும்பிவிட்டேன். மூத்த மாப்பிள்ளை என்ற பட்டத்தைக் கல்யாணத்தன்று கட்டிவிட்டார்கள், அதைக் கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை.

பாதியை நீ கட்டு. எனக்கு உன் உதவி வேண்டும். இந்த இரண்டு வரியை எழுதுவதற்குள் எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் அண்ணியிடமும் நேற்றுத்தான் உடைத்துச் சொன்னேன். பட்டறை படுத்துவிட்டது அவளுக்கு முன்பே தெரியுமாம், நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாளாம். அந்த ஆற்றாமையைத்தான் தங்கைமேல் கொட்டியிருக்கிறாள். சொல்லிவிட்டு அழுதாள். நம் கஷ்டம் சின்னவளுக்கு மட்டும் தெரியவே கூடாது, அவளிடம் சொல்லாதீர்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

உன்,
சகலை


ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் சின்னவளிடம் எதுவும் சொல்லவில்லை. கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், அவளுக்கு வந்தது கோபம். யார் முதலில் கூப்பிடுவது என்ற பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. அண்ணி போனை எடுத்ததும் இவள் கேட்டது ஒன்றுதான்: "என்கிட்ட சொல்ல முடியாத அளவுக்கு நான் உனக்கு யாரோ ஆயிட்டேனாக்கா?"

அண்ணி என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை. இவள் வெகுநேரம் கண்ணைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெல்லப் பேச்சு உங்கள்மேலும் என்மேலும் திரும்பியது. "இந்த ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு" என்று இவள் தொடங்கியதும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதை எழுதும்போதும் திட்டு ஓயவில்லை. இன்றைக்குச் சமையல் என் தலையில், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பாதி என் பொறுப்பு. சலூன்காரரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், தவணையாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பஸ்ஸில் வருகிறோம்.

ஒன்றை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன், நேரில் எனக்கு வாய் வராது. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் கொடுப்பீர்கள், நான் வாங்கிக்கொள்வேன். அன்போடுதான் கொடுத்தீர்கள், இருந்தாலும் உங்கள் வீட்டு நாற்காலியில் நான் ஒரு நாளும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. உதவி வேண்டும் என்று நீங்கள் எழுதிய வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் எனக்குக் கொடுத்ததிலேயே பெரியது அதுதான் அண்ணா.

உங்கள்,
தம்பி