வீட்டில் இல்லாத படி

நம் வாலுப்பெண்ணின் அப்பாவுக்கு,

நான் நலம். அவளும் உயிருக்கு ஆபத்தில்லாமல் இருக்கிறாள். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், உங்களைச் சுற்றியும் பத்துப் பேர் நிற்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை இஸ்திரிப் பெட்டி விழுந்து அவள் கையைச் சுட்டுவிட்டது. கம்பெனியில் பாதி ஆட்களை நிறுத்தியபோது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையையும் மூடி, அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். சட்டைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தேய்த்துக் கொடு என்றார் மேற்பார்வையாளர், ஏதோ எனக்குச் சலுகை செய்வதுபோல். இருப்பது ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் சட்டை மூட்டை, நடுவில் மேசை, மேசைக்கு அடியில் அவள். நான் திரும்பிக் காலரை மடித்துக்கொண்டிருந்தேன். ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று தவறாமல் சொல்கிறீர்களே, எனக்கு எத்தனை கை என்று நினைத்தீர்கள்? கோபம்தான். மேற்பார்வையாளரிடம் காட்டினால் இருக்கிற வேலையும் போகும். வேறு யாரிடம் காட்டுவேன்?

இரண்டு மாதம் முன்பு யாரிடம் காட்டினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். தேய்த்து வைத்த ஆறு சட்டைகளில் அவள் பேனாவால் பூ வரைந்துவிட்டாள். ஹேங்கரை எடுத்துக் கன்னத்தில் ஒன்று வைத்தேன். வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: படியில விழுந்துட்டேன், அம்மா அடிக்கல. போனில் பார்த்து நீங்களும் கேட்டீர்கள். உங்களிடமும் அதையே ஒப்பித்தாள். நம் வீட்டில் படி ஏது என்று உங்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பார்த்தார். பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். படியில விழுந்துட்டேன், அம்மா அடிக்கல. அவ்வளவுதான், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்ன உண்மை எதுவும் எடுபடவில்லை. மறுநாள் குழந்தைகள் நல அதிகாரி ஓர் அம்மாள் வீட்டுக்கு வந்தார். வாசலையும் அறையையும் சுற்றிப் பார்த்து, படி எங்கேம்மா என்று கேட்டார்.

இப்போது மாலையில் ஒரு மணி நேரம்தான் அவளைப் பார்க்கலாம். நர்ஸ் பக்கத்திலேயே நிற்கிறார். என்னைக் கண்டதும் வார்டே கேட்கும்படி, அம்மா அடிக்கல என்று கத்துகிறாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். அப்படிச் சொல்லாதே என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. அதையும் நான் சொல்லிக்கொடுப்பதாக நினைப்பார்கள்.

இருபதாம் தேதி விசாரணை. அவளை வீட்டுக்கு அனுப்புவதா, காப்பகத்தில் சேர்ப்பதா என்று அன்றுதான் முடிவு செய்வார்கள். அதற்குள் அந்த அதிகாரியிடமிருந்து உங்களுக்குப் போன் வரும். என் மனைவி கை நீட்டவே மாட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன். ஹேங்கரால் ஒரு தடவை அடித்தாள், என்னிடம் ஒப்புக்கொண்டாள் என்று சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன். அடித்ததை அடித்தேன் என்று சொன்னால்தான், சுடவில்லை என்பதை நம்புவார்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உயரத்தில் வேலை செய்யும்போது கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். அவள் என்னிடமே திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா