நீலமாகத் தெரிந்த தெரு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உன் வீட்டுக்காரருக்கு வலது கை நடுக்கம் குறைந்து கரண்டியைத் தானே பிடிக்கிறார், காலையில் தெருமுனை வரை நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். நீங்கள் போய்த் தங்கியிருக்கும் அவருடைய அக்கா வீட்டில் இடம் குறைவு, ஆனால் காற்றுக்குக் குறைவில்லை என்றும் எழுதியிருந்தாய். படித்து ஆறுதலாக இருந்தது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அண்ணியின் வாயும் அப்படியே.

உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை மட்டும் நான் பலமுறை படித்துவிட்டேன். “போன வருஷம் நம்ம தெருவுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் வரலன்னு இவர் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கார். உங்க அண்ணன் ஆபீஸ்ல யாரோ தப்புப் பண்ணிட்டாங்கன்னு சொல்றார். எங்க அண்ணன் இருக்கிற இடத்துல அப்படியெல்லாம் நடக்காதுன்னு நான் சண்டை போட்டேன்” என்று எழுதியிருக்கிறாய். எனக்காக நீ சண்டை போடுவது இதோடு நிற்கட்டும். அவர் சொன்னது சரி. அந்த யாரோ நான்தான்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்ட பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மாளிடம், “மேலேருந்து ஊருக்குக் காய்ச்சல் பாக்கிறார்” என்று நீ ஒருமுறை சொன்னாய். இருபத்தாறு வருடத்தில் நானே அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. காலை பத்தரை மணி வாக்கில் செயற்கைக்கோள் நம் ஊருக்கு மேலே போகிறது. தரையும் கூரையும் விடும் வெப்பத்தைப் படமெடுக்கிறது. அந்தப் படத்தை நான் கணக்குப் போட்டு டிகிரியாக மாற்றுகிறேன். சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம். போன கோடையில் நகராட்சி, மிகவும் சூடான முப்பது தெருக்களைக் கேட்டது. அந்தத் தெருக்களில் கூரைக்கு வெள்ளை வண்ணம் அடிப்பார்கள், நிழற்பந்தல் போடுவார்கள், குடிநீர்க் குழாய் வைப்பார்கள், மத்தியானத்தில் உட்கார மின்விசிறியோடு ஓர் அறை திறப்பார்கள். நான் கொடுத்த வரைபடத்தைப் பார்த்துத்தான் முப்பதையும் பொறுக்கினார்கள். உங்கள் தெரு அதில் நீலமாக இருந்தது.

ஏன் நீலமாக இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் புயலில் உங்கள் தெருவில் எல்லோருடைய ஓடும் பறந்தது. அறுபத்திரண்டு வீட்டுக்கும் புதுத் தகரம் வந்தது. உன் வீட்டுக்காரர் பட்டறையைப் பூட்டிவிட்டு மூன்று வாரம் ஏணியிலேயே இருந்து, அத்தனை வீட்டுக்கும் தானே கூரை போட்டுக் கொடுத்தார். கண் கூசுகிற மாதிரிப் பளபளவென்று இருந்தது. பளபளப்பான தகரத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. அது எவ்வளவு கொதித்தாலும் அந்தச் சூட்டை மேல்நோக்கி அதிகம் வெளியே விடாது. கீழே இருப்பவர்களை வேகவைக்கும், மேலிருந்து பார்ப்பவனுக்குக் குளிர்ந்த முகம் காட்டும். அதனால் கணக்குப் போடும்போது எந்தக் கூரை எந்தப் பொருளால் ஆனது என்று பார்த்து, அதற்கு ஏற்ற எண்ணைப் போட வேண்டும். நான் ஊர் முழுவதற்கும் ஒரே எண்ணைப் போட்டேன். காரை போட்ட மாடிக்கு என்ன எண்ணோ அதுதான் தகரத்துக்கும். அவசரத்தில் பலரும் செய்கிற காரியம்.

இதை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் நான் அவசரத்தில் தவறிய மனிதன் ஆகிவிடுவேன். நீயும் மன்னித்துவிடுவாய். ஆகவே மேலே எழுதுகிறேன்.

அந்தப் படம் வந்த அன்றே எனக்கு உறுத்தியது. முந்தைய வருடப் படத்தில் சிவப்பாக இருந்த ஒரு தெரு, ஒரு மரம்கூட நடாமல் ஒரே வருடத்தில் எப்படி நீலமாகும்? இதே கேள்வியை வேறொருவர் படத்தில் பார்த்திருந்தால் பத்துப் பேர் முன்னிலையில் கேட்டிருப்பேன். கேட்டும் இருக்கிறேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அதிகாரி, நான் பவுடர் என்று பட்டப்பெயர் வைத்திருப்பவர், ஒருமுறை ஏரிக்குள் ஒரு தெருவை வரைந்துவிட்டார். அதை வைத்து இரண்டு வருடம் அவரைப் பார்த்துச் சிரித்தேன். என் படத்தில் நானே பிழை கண்டுபிடித்துக் கொடுத்தால் அவர் எத்தனை வருடம் சிரிப்பார் என்று யோசித்தேன். படம் அப்படியே போனது. அதைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு அலுவலக வாசலில் மாட்டினார்கள். அதன் பக்கத்தில் நின்று நான் போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

கோடை பாதி போனபோது உன் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார். நீ வேலைக்குப் போயிருந்த நேரம். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். “மச்சான், எங்க தெருவ லிஸ்ட்ல காணோமே” என்றார். செயற்கைக்கோள் அளவின்படி உங்கள் பகுதி குளிர்ச்சியானது என்றேன். எப்படிப் பேசியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அவர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. சிரித்தார். “அப்படியா மச்சான், அப்போ அந்தச் செயற்கைக்கோள ஒரு மத்தியானம் எங்க வீட்ல வந்து உக்காரச் சொல்லுங்க. நான் மோர் வாங்கி வைக்கிறேன்” என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து அலுவலக முகவரிக்கு என் பெயரில் ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரின் இரண்டு தாள்கள். கோழிப்பண்ணைக்குக் கொட்டகை அடிக்கப் போன இடத்தில் ஒரு பழைய தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கி, உள்ளறை ஆணியில் மாட்டி, தினமும் மத்தியானம் இரண்டரைக்குப் பார்த்து, தேதிக்கு மேலேயே எழுதியிருக்கிறார். தான் வீட்டில் இல்லாத நாளில் தையல்கார அம்மாளைப் பார்க்கச் சொல்லி, அந்த எண்ணுக்குக் கீழே ‘அக்கா’ என்று குறித்திருக்கிறார். நாற்பத்தொரு நாள். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்றரை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எண் இல்லை. ‘மழை, சந்தோஷம்’ என்று மட்டும் இருந்தது.

உறையின் மேல் எங்கள் அலுவலக முத்திரையும் தேதியும் இருந்தன. பெற்றுக்கொண்டதற்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதை என் மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன். என் கணக்கு சரி என்று நம்பியதால் இல்லை பாப்பா. அது தப்பு என்று அந்தக் காலண்டரைப் பார்த்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. இவர் சொல்லி நான் திருத்துவதா என்றுதான் வைத்தேன்.

அந்தக் கோபத்தின் வயது உனக்குத் தெரியும். கல்லூரியில் உனக்கு ஓர் இடம் வாங்க நான் எத்தனை வாசலில் நின்றேன் என்பதும் தெரியும். கடைசி வருடப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது, நம் ஜன்னலுக்குக் கிரில் அடிக்க வந்தவரோடு போய்விட்டாய். திருடன் உள்ளே வராமல் இருக்க நானே கூப்பிட்டு வந்த ஆள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. பதினெட்டு வருடத்தில் அவரை ஒருமுறைகூட முறை சொல்லி அழைத்ததில்லை. அவர் விடாமல் மச்சான் என்பார், நான் விடாமல் ‘ம்’ என்பேன்.

காலண்டர் வந்த பன்னிரண்டாம் நாள் அவர் விழுந்தார். பட்டறையில் கரண்ட் போனதால் மத்தியானமே வீட்டுக்கு வந்து உள்ளறையில் படுத்ததையும், நினைவில்லாமல் கிடந்தவரை நான்கு மணிக்கு நீ வந்து பார்த்ததையும் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்தேன் என்று நீ எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாய். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் நான் ‘தெரிந்தவர்’ என்று எழுதினேன். நீ அதைப் பார்க்கவில்லை.

கூரைக்கு வெள்ளை அடித்திருந்தால் அன்று அவர் விழுந்திருக்க மாட்டார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. யாராலும் முடியாது. அதையே இத்தனை மாதமும் பிடித்துக்கொண்டு நடமாடினேன். உன் கடிதம் வந்த பிறகு அது கையில் நிற்கவில்லை.

உன் கடிதத்தை உன் அண்ணி படிக்கும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். பிறகு, “அந்த மனுஷன் வீட்டுச் சாவி தையல்காரம்மாகிட்டதான் இருக்கு. மத்தியானம் வந்து உக்காரத்தான சொன்னார்? முதல்ல அதைச் செய்யுங்க” என்றாள்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போனேன். தையல்கார அம்மாள் சாவியைக் கொடுக்கும்போது என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்கதான் ஊருக்குக் காய்ச்சல் பாக்கிற அண்ணனா? எங்களுக்கு எப்போ பாப்பீங்க?” என்று கேட்டார். உன் வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அவருடைய வெல்டிங் கண்ணாடி ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. தெர்மாமீட்டர் அதே ஆணியில் இருக்கிறது. உள்ளறையில் பாயை விரித்துப் பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். அரை மணியில் சட்டை உடம்போடு ஒட்டியது. ஒரு மணிக்குமேல் எதையும் தொடர்ந்து யோசிக்க முடியவில்லை. தகரம் தலைக்கு மேலே டிக் டிக்கென்று விரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டரைக்கு எழுந்து நின்று படித்தேன். நாற்பத்தொன்றரை. இன்னும் கோடையே தொடங்கவில்லை பாப்பா. நான்கு மணி வரை இருக்கலாம் என்று போனவன் மூன்றுக்கே வெளியே வந்துவிட்டேன். தையல்கார அம்மாள் கேட்காமலே ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்.

தெர்மாமீட்டரைக் கழற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோய் எங்கள் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அரை டிகிரிதான் வித்தியாசம். அவர் படிப்பைப் பற்றிப் பதினெட்டு வருடமாகப் பேசியவன் நான். உங்கள் கூரைக்கு நான் போட்ட கணக்கில் பதினாறு டிகிரி தப்பு.

இந்த வருடத் தெருப் பட்டியல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகிறது. போன வருடப் படத்தையே மறுபடியும் வைக்க இருந்தார்கள். புதுக் கணக்கைப் போட்டுத் திருத்த அறிக்கை எழுதினேன். போன கோடையில் வீட்டுக்குள் எடுத்த அளவு ஏதாவது ஆதாரமாக வேண்டும் என்பது விதி. அந்தத் தெருவில் அப்படி அளந்தவர் ஒருவர்தான் இருக்கிறார். காலண்டர் தாள்களை அறிக்கையோடு சேர்த்து, அவை வந்த உறையையும் வைத்து, இன்று காலை பவுடரிடம் கொடுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. உறையின் தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். “சார், தாள் மட்டும் போதும். உறை எதுக்கு? இப்பதான் கிடைச்சுதுன்னு எழுதிடலாம். ரிட்டையர் ஆக நாலு வருஷம் இருக்கு உங்களுக்கு” என்றார். மனிதர் நல்லவர்போல. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. உறை இல்லாமல் போனாலும் உங்கள் தெரு பட்டியலில் வந்துவிடும். ஆனால் தகவல் போன கோடையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தே சேரவில்லை என்று ஆகும். அவர் நாற்பத்தொரு நாள் எழுதி அனுப்பியும் அனுப்பாதவர் ஆகிவிடுவார். ஸ்டேப்ளரை வாங்கி உறையைத் தாள்களோடு சேர்த்து இரண்டு இடத்தில் அடித்துவிட்டு வந்தேன். ஓர் ஊசி கோணலாகப் போய்விட்டது. விசாரணை வரும். வரட்டும். உன் அண்ணிக்குத் தெரியும்.

இது உன்னிடம் யாரோ சொல்லித் தெரியக் கூடாது என்றுதான் இன்றே எழுதுகிறேன். நேரில் வந்து சொல்ல உங்களுக்குக் கால் இல்லையா என்று அண்ணி கேட்கிறாள். கால் இருக்கிறது. நீ வரச் சொல்லாமல் அதை எடுத்து வைக்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நீ பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன். வீட்டுச் சாவியைத் தையல்கார அம்மாளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெர்மாமீட்டரையும் பழைய ஆணியிலேயே மாட்டியாயிற்று.

காலண்டர் தாள்களின் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசித் தேதிக்குப் பிறகு காலியாக இருந்த கட்டத்தில், நான் உட்கார்ந்த மத்தியானத்தின் அளவை என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அவருக்குத் தாளைப் பிடிக்கச் சிரமமாக இருந்தால் நீ கண்ணெதிரே பிடித்துக் காட்டு. இந்த அண்ணனுக்காக வேறொன்றும் செய்ய வேண்டாம். நான் ஒழுங்காகப் பார்த்து எழுதியிருக்கிறேனா என்று மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்டுச் சொல்.

நீங்கள் இருவரும் குளிர்ந்த கூரையின் கீழே நெடுநாள் நலமாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்